பிளேடு சர்வர் வாங்கலாமா? பிளேடைப் பாக்கதுக்கு முன்னாடி சேசிஸைப் பாருங்க

திருநெல்வேலி, பாளையங்கோட்டை, தென்காசி பக்கம் ஓரளவு பெரிய ஆஸ்பத்திரி, இன்ஜினியரிங் காலேஜ், ஜவுளிக்கடை, பைனான்ஸ் கம்பெனி எதை எடுத்தாலும் இப்பம் உள்ள ஒரு சர்வர் ரூம் இருக்கு. பில்லிங்குக்கு ஒண்ணு, அக்கவுண்ட்ஸுக்கு ஒண்ணு, கேமரா ரெக்கார்டிங்குக்கு ஒண்ணு, பேக்கப்புக்கு ஒண்ணுன்னு பைய பைய சேந்து நாலஞ்சு சர்வர் ஆனதும், யாராவது ஒரு வெண்டார் வந்து "பிளேடு போட்டுருங்க சார், இடம் மிச்சம், கேபிள் மிச்சம், கரண்டு மிச்சம்"னு சொல்லி ஒரு கொட்டேஷனை வச்சிட்டுப் போயிருதாங்க. அதுக்குப் பொறவு ரெண்டு மூணு கம்பெனி பிளேடை, அதாவது ஒரே பொட்டிக்குள்ள வரிசையாச் சொருகுத தகடு மாதிரி சர்வரை எடுத்து, இதுல எத்தனை கோர், அதுல எத்தனை ஜிபி ரேம், எது விலை கம்மின்னு எக்செல் ஷீட் போட்டு கம்பேர் பண்ணுதாங்க.

அந்த ஷீட்டால பெருசா பிரயோஜனம் கெடையாது. ஏன்னா எந்தக் கம்பெனி பிளேடைத் திறந்தாலும் உள்ள இருக்கது ஒண்ணு இன்டெல் ஜியான் சிபியூ, இல்லன்னா ஏஎம்டி எபிக் சிபியூ. ரேமும் அதே ரேம்தான், எஸ்எஸ்டியும் கிட்டத்தட்ட அதேதான். வித்தியாசம் பூராவும் அந்த பிளேடைச் சொருகுத பொட்டியில, அதாவது சேசிஸ்ல இருக்கு. நீங்க வாங்குதது அந்த சேசிஸைத்தான், அதோட ஏழெட்டு வருசம் வாழப்போறீங்க. இதை மட்டும் மனசுல வச்சுக்கிட்டு மேக்கொண்டு படிங்க, மத்ததெல்லாம் தானா விளங்கிரும்.

முதல்ல அடிப்படை. சர்வர் மூணு வடிவத்துல வருது. டவர்னா சாதா கம்ப்யூட்டர் மாதிரியே தரையில நிக்கும். ரேக் சர்வர்னா 19 இன்ச் அகல அலமாரியில படுக்க வச்சு ஸ்க்ரூ போடுதது, உயரத்தை யூ கணக்குல சொல்லுவாங்க, ஒரு யூன்னா ஒண்ணே முக்கால் இன்ச், முழு ரேக்கு பொதுவா 42 யூ. ஒவ்வொரு ரேக் சர்வருக்கும் அதது சொந்தமா ரெண்டு பவர் சப்ளை, சொந்த ஃபேன், சொந்த நெட்வொர்க் போர்ட். அது தனி வீடு.

பிளேடு சர்வரு நம்ம ஊரு வளவு மாதிரி. ஒரே வாசல், நடுவுல பொதுக் கிணறு, ரெண்டு பக்கமும் வரிசையா வீடு, அவங்கவங்க அடுப்படியும் அறையும் மட்டும் அவங்களுக்கு. பிளேடுக்குள்ள சிபியூ, ரேம், ஒண்ணு ரெண்டு சின்ன டிஸ்க் மட்டும்தான் இருக்கும். கரண்டு, காத்து, நெட்வொர்க், மேனேஜ்மென்ட் நாலும் பொது, அந்தப் பொதுவை வச்சிருக்கது சேசிஸ். எட்டு வீட்டுக்கு எட்டு கிணறு தோண்டாம ஒரு கிணத்துல முடிச்சா செலவு மிச்சம்தான், ஆனா வளவுல ரெண்டு வீடு மட்டும் கட்டிட்டு முழுக் கிணறு தோண்டினா ஒரு வீட்டுக்கு ஆகுத செலவு எங்கயோ போயிரும். பிளேடு கணக்கு பூராவும் இந்த ஒரு எடத்துலதான் நிக்கி.

இந்த ஐடியா 2001-ல அமெரிக்காவுல ஆர்எல்எக்ஸ் டெக்னாலஜிஸ்னு ஒரு சின்ன கம்பெனி மூலமா மார்க்கெட்டுக்கு வந்துச்சு, அந்தக் கம்பெனியை 2005-ல எச்பி வாங்கிருச்சு. 2002-ல ஐபிஎம் பிளேடுசென்டர், 2006-ல எச்பி சி7000, 2008-ல டெல் எம்1000இ, 2009-ல சிஸ்கோ யூசிஎஸ்னு வரிசையா வந்துச்சு. அன்னைக்கு ஒரு சிபியூக்குள்ள கணக்குப் போடுத மூளை, அதாவது கோர், ஒண்ணு, ரெண்டு, மிஞ்சிப்போனா நாலுதான். கோர் கம்மியா இருந்ததால நிறைய சர்வர் வேணும், நிறைய சர்வர் வேணும்னா இடமும் கேபிளும் பெரிய தலைவலி. பிளேடு அந்தத் தலைவலிக்குத்தான் வந்துச்சு. இன்னைக்கு உங்களுக்கு அதே தலைவலி இருக்கான்னு கேளுங்க. இதுக்குப் பின்னாடி திரும்ப வாரேன்.

இப்பம் சேசிஸ் உள்ள என்ன இருக்குன்னு பாப்போம். முன்பக்கம் பிளேடு சொருகுத எடம், பின்பக்கம் பவர் சப்ளை, ஃபேன், நெட்வொர்க் மாட்யூல், மேனேஜ்மென்ட் மாட்யூல். பழைய டிசைன்கள்ல முன்னுக்கும் பின்னுக்கும் நடுவுல மிட்பிளேன்னு ஒரு பெரிய சர்க்யூட் பலகை நிக்கும், எல்லா சிக்னலும் அது வழியாத்தான் போகும். அது சும்மா கம்பி ஓடுத பலகைங்கதால லேசுல கெடாது, ஆனா நெட்வொர்க் ஸ்பீடு செகண்டுக்கு இருபத்தஞ்சு ஜிகாபிட் (சுருக்கமா ஜி), நூறு ஜின்னு ஏற ஏற பழைய பலகை தாங்காது, மாத்தணும்னா சேசிஸையே காலி பண்ணணும். அதனாலதான் 2018-ல வந்த டெல் எம்எக்ஸ்7000-லயும் 2021-ல வந்த சிஸ்கோ எக்ஸ்9508-லயும் மிட்பிளேனையே எடுத்துட்டாங்க, பிளேடு நேரா பின்பக்க மாட்யூல்ல போய் மாட்டிக்கிடும். நாலு வருசம் கழிச்சு நெட்வொர்க் மாட்யூலை மட்டும் மாத்தினாப் போதும், பலகை குறுக்க நிக்காது. ரெண்டு சேசிஸ் கம்பேர் பண்ணும்போது நான் முதல்ல கேக்குத கேள்விகள்ல இது ஒண்ணு.

அடுத்து கேபிள். வெண்டார் சொல்லுதது உண்மைதான், கணக்குப் போட்டே பாக்கலாம். எட்டு ரேக் சர்வர், ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு லேன், ஸ்டோரேஜுக்கு ரெண்டு ஃபைபர், மேனேஜ்மென்ட் ஒண்ணு, பவர் ரெண்டு, ஆக ஏழு, எட்டு சர்வருக்கு 56 கேபிள். அதே எட்டை ஒரு சேசிஸ்ல போட்டா, ரெண்டு நெட்வொர்க் மாட்யூல்ல இருந்து வெளிய போற கேபிள், அதாவது அப்லிங்க், நாலு நாலு, ஸ்டோரேஜுக்கு நாலு, மேனேஜ்மென்ட் ரெண்டு, பவர் ஆறு, மொத்தம் 20. நல்ல மிச்சம். பிளேடைக் கழட்டி வேற பிளேடு சொருகும்போது ஒரு கேபிளையும் தொட வேண்டாம்ங்கது இன்னும் பெரிய நிம்மதி. நெட்வொர்க் அட்ரஸையும் ஸ்டோரேஜ் அட்ரஸையும் சேசிஸ்லயே ப்ரொஃபைலா வச்சிருப்பாங்க, புது பிளேடு வந்து அந்த ப்ரொஃபைலை எடுத்துக்கிட்டு பழைய சர்வராவே எந்திரிச்சு நிக்கும்.

ஆனா கேபிள் கொறையுதுன்னா பாதையும் கொறையுதுல்லா, அதைக் கொட்டேஷன்ல யாரும் எழுத மாட்டாங்க. பதினாறு பிளேடு, ஒவ்வொண்ணும் ரெண்டு பத்து ஜி போர்ட், ஆக உள்ள 320 ஜி. சேசிஸ்ல இருந்து வெளிய எட்டு பத்து ஜி அப்லிங்க்னா 80 ஜி. நாலு பேருக்கு ஒரு பாதை. சாதாரண நாள்ல ஒண்ணும் தெரியாது, ராத்திரி பேக்கப் எல்லா சர்வரும் ஒரே நேரத்துல ஆரம்பிக்கும்போதுதான் தெரியும். அதனால "பிளேடுக்கு எத்தனை ஜி"ன்னு கேக்கதை விட "சேசிஸ்ல இருந்து வெளிய எத்தனை ஜி"ன்னு கேளுங்க.

இன்னொரு நுணுக்கம், ரொம்பப் பேரு கவனிக்கதில்ல. எச்பிஇ (பழைய எச்பியோட சர்வர் பிரிவு, இப்பம் தனிக் கம்பெனி), டெல் சேசிஸ்ல உள்ள ஸ்விட்ச் வச்சா, ஒரே சேசிஸ்ல இருக்க ரெண்டு பிளேடு பேசிக்கிட்டா அந்த டிராஃபிக் உள்ளயே திரும்பிரும். சிஸ்கோ யூசிஎஸ் 5108-ல அப்படி இல்ல, சேசிஸ்ல இருக்கது வெறும் நீட்டிப்பு மாட்யூல், பக்கத்து பக்கத்து பிளேடு பேசினாலும் மேல ஃபேப்ரிக் இன்டர்கனெக்ட்ங்க வெளி ஸ்விட்ச் வரைக்கும் போயிட்டுத்தான் வரும். டெல், எச்பிஇலயும் முதல் சேசிஸ்ல ஸ்விட்ச் போட்டு அடுத்தடுத்த சேசிஸ்ல நீட்டிப்பு மாட்யூல் மட்டும் போடுத முறை இருக்கு, அதுலயும் இதே கதைதான். இதுல சரி தப்பு இல்ல, உங்க அப்ளிகேஷன் சர்வரும் டேட்டாபேஸ் சர்வரும் எப்படிப் பேசுதுன்னு தெரிஞ்சு எடுக்கணும்.

சரி, கரண்டும் சூடும். நம்ம பக்கத்துக்கு இதுதான் முக்கியம், அதனால கொஞ்சம் நின்னு பேசுதேன். பதினாறு பிளேடு, ஒண்ணுக்கு 400 வாட்னு வச்சா 6400, சேசிஸ் ஃபேன், ஸ்விட்ச் எல்லாம் சேத்து 7000 வாட்னு வச்சுக்கிடுங்க. சர்வர் எடுக்குத கரண்டு பூராவும் சூடாத்தான் வெளிய வரும். சூட்டை பிடியூங்க அளவுல சொல்லுவாங்க, ஒரு வாட்டுக்கு மணிக்கு 3.412 பிடியூ, ஆக கிட்டத்தட்ட 23,900 பிடியூ. ஒரு டன் ஏசின்னா 12,000 பிடியூ. அப்பம் இந்த ஒரே ஒரு பொட்டிக்கு மட்டும் ரெண்டு டன் முழுசா ஓடணும், ஒரு ஏசி நின்னா இன்னொண்ணு இருக்கணும், அதுவும் சித்திரை வெயில்ல மொட்டை மாடிக்குக் கீழ இருக்க ரூம்னா சுவத்துச் சூடு தனி. வீட்டு ஸ்ப்ளிட் ஏசி 24 மணி நேரமும் 365 நாளும் ஓடுததுக்குச் செஞ்சது இல்ல. சர்வருக்குள்ள போற காத்து 18-ல இருந்து 27 டிகிரிக்குள்ள இருக்கணும்னு ஏசி இன்ஜினியர்களோட ஆஷ்ரே அமைப்பு சொல்லுது, அதுவும் முன்பக்கம் உள்ள போற காத்து, ரூம் நடுவுல தொங்குத தெர்மாமீட்டர் காட்டுதது இல்ல. ஏழாயிரம் வாட்டும் பத்து யூ உயரத்துக்குள்ள ஒரே எடத்துல கொட்டும்போது, ரூம் ஜில்லுன்னு இருந்தாலும் ரேக்குக்குப் பின்னால சூட்டுக் காத்து சுத்தி வந்து முன்னாடியே திரும்ப நுழையும். அதே பதினாறு சர்வரை ரெண்டு ரேக்குல பிரிச்சு வச்சா அந்தச் சூடு பரவிரும், சாதா ஏசியே ஓரளவு சமாளிச்சிரும். இடம் மிச்சம்னு வாங்கினது சூட்டை ஒரே எடத்துல குவிச்சிருது.

மாசக் கரண்டு பில்லும் பாத்துக்கிடுங்க. 7 கிலோவாட்டு, 24 மணி நேரம், 30 நாள், ஆக 5040 யூனிட்டு, அது சர்வருக்கு மட்டும், ஏசிக்கு ஆகுதது தனி. யூபிஎஸ் பத்து கேவிஏக்குக் கீழ யோசிக்கவே முடியாது, அதுவும் ரெண்டு. ஏன் ரெண்டுன்னா, சேசிஸ்ல ஆறு பவர் சப்ளை இருந்தா மூணு ஒரு லைன்ல, மூணு இன்னொரு லைன்லன்னு பிரிச்சு மாட்டணும், ஒரு லைன் போனா மிச்ச மூணு மொத்தத்தையும் தாங்கணும். டெல் எம்எக்ஸ்7000-ல ஆறு 3000 வாட் சப்ளை, கூட்டினா 18,000, ஆனா இந்தப் பாதுகாப்போட ஓட்டணும்னா 9000-த்துக்குள்ளதான் கணக்குப் போடணும். ஆறையும் ஒரே யூபிஎஸ்ல மாட்டிட்டு "ஆறு பவர் சப்ளை இருக்கு, ஒண்ணும் ஆவாது"ன்னு நெனைக்காங்க, யூபிஎஸ் நின்னா ஆறும் சேந்து நிக்கும். இதுக்கு சாதா ஆறு ஆம்பியர் பின் ஆவாது, கனமான கனெக்டர், அதுக்குன்னு கரண்டைப் பிரிச்சுக் கொடுக்குத பட்டை, தனி பிரேக்கர், சி7000-ல த்ரீ பேஸ் மாடலே தனியா இருந்துச்சு. எலக்ட்ரீசியனை கொட்டேஷன் கட்டத்துலயே கூப்பிட்டு உக்கார வையுங்க.

வெயிட்டையும் மறக்காதீங்க. முழுசா நிரப்பின சி7000 இருநூறு கிலோவைத் தாண்டும். நெல்லையப்பர் கோயில் ரத வீதிகள்ல, டவுன்ல பழைய கட்டடத்துல ரெண்டாவது மாடியில ஆபீஸ் வச்சிருக்கவங்க, மர உத்தரம் போட்ட மச்சுல இதை ஏத்தலாமான்னு கட்டட இன்ஜினியரைக் கேட்டுட்டுத்தான் தொடணும். அதுக்காகக் கீழ்த்தளத்துல வைக்கலாமான்னா, 2023 டிசம்பர் 17, 18 மழையை யாரும் மறந்திருக்க மாட்டோம், காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 90 சென்டிமீட்டருக்கு மேல பெஞ்சு, தாமிரபரணி வெள்ளம் ஜங்ஷன் பக்கமெல்லாம் புகுந்துச்சு. ஆத்துக்குப் பக்கம் கீழ்த்தளத்துல சர்வர் ரூம் வேண்டவே வேண்டாம். பத்து ரேக் சர்வர்னா ஆபத்து நேரத்துல ரெண்டு பேரு ஒவ்வொண்ணா உருவி மேல கொண்டு போயிரலாம். பிளேடைக் கழட்டி மேல கொண்டு போனா அங்கன சொருக இன்னொரு சேசிஸ் வேணும்.

இனி கம்பெனி கம்பெனியா. எச்பிஇ சி7000, பத்து யூ, பதினாறு அரை உயர பிளேடு, உலகம் பூரா எக்கச்சக்கமா வித்தது, ஆனா அதுக்கான பிளேடு ஜென்10 தலைமுறையோட நின்னுபோச்சு. அதுக்கு அடுத்தது சினர்ஜி 12000, அதுவும் பத்து யூ, பன்னெண்டு பிளேடு. சினர்ஜியோட பலம் மேனேஜ்மென்ட், நிறைய சர்வரை மாத்தி மாத்தி ஒதுக்குத எடத்துக்கு ஏத்தது, அதைப் படிச்சு ஓட்ட ஒரு ஆளு நிரந்தரமா வேணும். டெல் எம்எக்ஸ்7000, ஏழு யூ, எட்டு பிளேடு, உள்ளயே பதினாறு டிஸ்க் பிடிக்குத ஸ்டோரேஜ் ஸ்லெட்டும் சொருகலாம், ஒரே சேசிஸ்ல முடிக்கணும்னு நெனைக்கவங்களுக்கு எனக்குப் பிடிச்சது இதுதான். சிஸ்கோல பழைய 5108 ஆறு யூ, எட்டு பிளேடு, அதுக்கான பி சீரிஸ் பிளேடு எம்6 தலைமுறையோட நின்னுது, இப்பம் எக்ஸ் சீரிஸ், ஏழு யூ, எட்டு பிளேடு. சிஸ்கோவோட அழகு, ரெண்டு ஃபேப்ரிக் இன்டர்கனெக்ட் வாங்கிட்டா ஒண்ணு ரெண்டு இல்ல, இருபது சேசிஸ் வரைக்கும் ஒரே எடத்துல இருந்து ஓட்டலாம். ஒரே சேசிஸ்ல நாலு பிளேடுக்காக அதை வாங்குதது வீண் செலவு. சூப்பர்மைக்ரோ சூப்பர்பிளேடு எட்டு யூல இருபது பிளேடு கூட வைக்கும், விலையும் அடக்கமா இருக்கும், ஆனா நம்ம பக்கம் சப்போர்ட் யாரு கொடுக்காங்கன்னு நல்லா விசாரிக்கணும். ஐபிஎம் பிளேடு இப்பம் ஐபிஎம்ட்ட இல்ல, 2014-ல இன்டெல் வகை (எக்ஸ்86) சர்வர் பிசினஸை லெனோவாவுக்கு வித்துட்டாங்க.

டெல்ல விஆர்டிஎக்ஸ்னு ஒண்ணு 2013-ல வந்துச்சு, அஞ்சு யூ, நாலு பிளேடு, உள்ளயே பொது ஸ்டோரேஜ், சாதா ஆபீஸ் கரண்டுலயே ஓடும். நம்ம ஊரு ஆஸ்பத்திரி சைஸுக்கு அளவெடுத்து தைச்சது, அதை நிப்பாட்டினது எனக்கு இன்னைக்கும் வருத்தம்தான்.

இப்பம் அந்தத் தலைவலிக் கேள்விக்கு வருவோம். 2012 வாக்குல ஒரு முழு சி7000, பதினாறு பிளேடு, ஒவ்வொண்ணுலயும் எட்டு கோர் சிபியூ ரெண்டு, மொத்தம் 256 கோர். 2019-ல ஏஎம்டி 64 கோர் சிபியூ கொண்டு வந்துட்டான், ஒரு சர்வர்ல ரெண்டு போட்டா 128, ரெண்டு ரேக் சர்வர்ல அதே 256. ஒரு கோரோட வேகமும் அதுக்குள்ள கூடியிருக்கு. அதாவது அன்னைக்கு இருநூறு கிலோ பொட்டி செஞ்ச வேலையை இன்னைக்கு கை அகல ரெண்டு சர்வர் செஞ்சிரும். பாளையங்கோட்டையில ஆஸ்பத்திரி வச்சிருக்க ஒரு அண்ணாச்சி "தம்பி, பதினாறு எடம் இருக்குல்லா, இப்பம் மூணு போட்டுக்கிட்டு மிச்சத்தைப் பொறவு போட்டுக்கிடலாமே"ன்னு கேட்டாங்க. "அண்ணாச்சி, மூணே பிளேடுன்னாலும் பொது ஃபேனும் ஸ்விட்சும் ஓடத்தான் செய்யும். நீங்க பொறவு வாங்க நெனைக்கும்போது அந்த சேசிஸுக்குப் புது பிளேடு வருமான்னு யாரும் உறுதி சொல்ல மாட்டாங்க. வர்ற அஞ்சு வருசத்துல எத்தனை சர்வர் கட்டாயம் தேவைன்னு இன்னைக்கே சொல்ல முடிஞ்சா வாங்குங்க"ன்னு சொன்னேன். அவங்களுக்கு எண்ணிப் பாத்தா மூணு ரேக் சர்வரே தாராளம்.

லைசென்ஸ் கணக்கும் இப்பம் இதே பக்கம்தான் தள்ளுது. விண்டோஸ் சர்வர் கோர் கணக்குல வாங்கணும், ஒரு சர்வருக்கு கொறைஞ்சது 16 கோருக்குக் காசு. ஒரே சர்வரைப் பல சர்வராப் பிரிச்சு ஓட்டுத சாஃப்ட்வேர் விக்குத விஎம்வேரை 2023 நவம்பர்ல பிராட்காம் வாங்கின கையோட ஒரே தடவை காசு கொடுத்து வாங்குதது போச்சு, எல்லாம் சந்தா, ஒரு சிபியூக்கு கொறைஞ்சது 16 கோர் கணக்கு. எட்டு கோர் சிபியூ போட்ட பிளேடு பத்து வாங்கினா, இல்லாத கோருக்கும் வருசா வருசம் கட்டணும். சர்வர் எண்ணிக்கையைக் கொறைச்சு, ஒவ்வொண்ணையும் கனமா வாங்குததுதான் இப்பம் லாபம். சந்தா கட்ட முடியாதவங்க அதே வேலையைச் செய்யுத ஹைப்பர்-வி, ப்ராக்ஸ்மாக்ஸ் பக்கம் போறாங்க, அதுவும் நல்ல வழிதான்.

ஸ்டோரேஜ்ல பிளேடுக்கு இன்னொரு குறை. எடம் இல்லாததால பெரும்பாலான பிளேடுல ரெண்டு, நாலு டிஸ்க்குக்கு மேல வைக்க முடியாது. அதனால வெளிய ஒரு ஸ்டோரேஜ் பொட்டி கட்டாயம், அது தனிக் கொட்டேஷன்ல வரும், சில நேரம் சேசிஸை விட விலை ஜாஸ்தி. ஸ்கேன், எக்ஸ்ரே படம் சேமிக்க ஆஸ்பத்திரிக்கும், கேமரா ரெக்கார்டிங்குக்கும் டிஸ்க்தான் முக்கியம், கோர் இல்ல. ரெண்டு யூ ரேக் சர்வர்ல பன்னெண்டு பெரிய டிஸ்க் உள்ளயே போயிரும். ஜிபியூ கார்டு போடணும்னாலும் இதே பிரச்சினை, பிளேடுல எடமும் கெடையாது, அந்தச் சூட்டை இழுக்க வழியும் கம்மி, பக்கத்து ஸ்லாட்டைத் தின்னுத தனி நோடு வாங்கணும்.

கெட்டுப்போனா என்ன ஆகும்? ஒரு பிளேடு போனா பயமில்ல, மத்த பிளேடுல வேலை ஓடும், உருவிட்டு வேற சொருகலாம். சேசிஸ் மேனேஜ்மென்ட் மாட்யூல், நெட்வொர்க் மாட்யூல் எல்லாம் ஜோடியாத்தான் வரும், ஜோடியாவே வாங்குங்க, ஒண்ணைக் கொறைச்சு விலை கொறைக்காதீங்க. கஷ்டம் ஃபர்ம்வேர்ல, அதாவது ஹார்டுவேருக்குள்ளயே இருக்க சாஃப்ட்வேர்ல. சேசிஸ், ஸ்விட்ச், பிளேடு மூணோட வெர்ஷனும் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போற வரிசையில ஏத்தணும், நடுவுல கோளாறுன்னா வளவு மொத்தமும் தண்ணி இல்லாம நிக்கும். உசுரு சம்பந்தப்பட்ட வேலை ஓடுத எடத்துல ஒரே சேசிஸ்ல எல்லாத்தையும் வைக்கக் கூடாது, ரெண்டு சேசிஸ்ல பாதி பாதியாப் பிரிக்கணும். பிரிச்சா பொதுச் செலவு ரெண்டு மடங்கு, பிளேடோட லாபம் அங்கயே கரைஞ்சிரும். சப்போர்ட் கான்ட்ராக்ட்ல நாலு மணி நேரம்னு எழுதியிருந்தா, அந்த பார்ட் எந்த ஊரு குடோன்ல இருக்குன்னு எழுதி வாங்குங்க, சென்னையில இருந்தா நமக்கு அறுநூறு கிலோமீட்டருக்கு மேல, நாலு மணி நேரத்துல எதுவும் வராது.

அப்பம் யாருதான் வாங்கணும்? ஒரே மாதிரி சர்வர் எட்டு பத்துக்கு மேல முதல் நாளே வேணும்ங்கவங்க, ஏற்கனவே நல்ல ஸ்டோரேஜ் பொட்டி வச்சிருக்கவங்க, ரெண்டு யூபிஎஸ் லைன், சர்வருக்குன்னே செஞ்ச ஏசி இருக்கவங்க, பாத்துக்கிட ஆளு சம்பளத்துல வச்சிருக்கவங்க. யூனிவர்சிட்டி, பெரிய பேங்கு, ஊரு ஊரா பிராஞ்ச் வச்சு ஒரே டேட்டா சென்டர்ல ஓட்டுத கம்பெனி, கங்கைகொண்டான் ஐடி பார்க் மாதிரி எடத்துல வாடிக்கையாளருக்கு சர்வர் ஒதுக்கிக் கொடுக்கவங்க, இவங்களுக்கெல்லாம் பிளேடு அருமையான பொருள். நிரப்பின சேசிஸ் ஒண்ணை ஒரு ஆளு தனியா ஓட்டுதது பாக்கவே நல்லா இருக்கும். ஆறுக்குக் கீழன்னா கண்ணை மூடிக்கிட்டு ரேக் சர்வர். நடுவுல இருக்கவங்களுக்கு ரெண்டு யூல நாலு சர்வர் வைக்குத மல்டி நோடு பொட்டி இருக்கு, பவரும் ஃபேனும் மட்டும் பொது, நெட்வொர்க் அவங்கவங்களுக்கு, தனி சேசிஸ் ஸ்விட்ச் செலவு இல்ல.

விலையை ஒப்பிடணும்னா பிளேடு விலையைப் பாக்காதீங்க. சேசிஸ், பவர் சப்ளை, ஃபேன், நெட்வொர்க் மாட்யூல், மேனேஜ்மென்ட் லைசென்ஸ், வெளி ஸ்டோரேஜ், யூபிஎஸ், ஏசி, கரண்டு வேலை எல்லாத்தையும் கூட்டி, நீங்க உண்மையா சொருகப்போற பிளேடு எண்ணிக்கையால வகுங்க, காலி ஸ்லாட்டைச் சேக்காதீங்க. அந்தப் பக்கம் ரேக் சர்வர் விலையோட ஸ்விட்ச் போர்ட், கேபிள் செலவைச் சேருங்க. ரெண்டு எண்ணையும் பக்கத்துல எழுதினா யாரும் உங்களை ஏமாத்த முடியாது.

செகண்ட் ஹேண்ட் பத்தியும் கேக்காங்க. பழைய சி7000, எம்1000இ எல்லாம் ரீஃபர்பிஷ்டு கடைகள்ல ஆச்சரியமான விலைக்குக் கெடைக்கும். பிசினஸ் ஓட்டுததுக்கு வாங்காதீங்க, புது ஹைப்பர்வைசர் (விஎம்வேர் மாதிரி சாஃப்ட்வேர்) வெர்ஷன் அந்தப் பழைய சிபியூவை ஏத்துக்கிடாது, ஃபர்ம்வேர் அப்டேட் வராது, கரண்டு குடிக்கதுல விலையில மிச்சம் பிடிச்சதை விட்டுருவீங்க. காலேஜ் லேப்ல பையன்களுக்கும் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுக்கன்னா தாராளமா வாங்கலாம், நாலு பிளேடை மட்டும் போட்டு, கிளாஸ் நேரத்துல மட்டும் ஆன் பண்ணி, மிட்பிளேன், விர்ச்சுவல் கனெக்ட்ங்க எச்பி நெட்வொர்க் மாட்யூல் எல்லாம் கழட்டி மாட்டிக் காட்டலாம், புஸ்தகத்துல படிக்கதை விட அது நல்லா ஏறும். அதை வாங்கும்போது காலி ஸ்லாட்டுக்கு உண்டான மூடித் தகடு எல்லாம் சேத்துக் கேட்டு வாங்குங்க, தகடு இல்லாம தொறந்து கெடந்தா காத்து அந்த ஓட்டை வழியாப் போயிரும், பக்கத்து பிளேடு சூடாகும்.